டிக்கியில் ஒரு பாயிண்ட் செட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொழில்நுட்ப வளர்ச்சியும் இன்றைய இளைஞர்களும்' என்ற தலைப்பில் பேசச் சொல்லி சங்கச் செயலாளர் கடிதம் அனுப்பியிருந்தார். நான் 2011-இல் மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன். காதோரம் நரைத்துவிட்டது, இளைஞர்களைப் பற்றிப் பேச இனி எனக்குத் தகுதியில்லை. தொழில்நுட்ப வளர்ச்சி என்பதும் பெரிய கடல். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு கார். அதிலும் சொம்பு அளவில் இருக்கும் ஒரே ஒரு சாமான். அதன் பெயர் டிஸ்ட்ரிபியூட்டர். அதைப் பற்றியே பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

பாவூர்சத்திரம் சந்தையில் எங்கப்பாவுக்குக் காய்கறிக் கமிஷன் கடை. 1993-இல் ஓர் அம்பாசிடரை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 1986-ஆம் வருஷத்து மார்க் 4, பெட்ரோல் வண்டி. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து 1950-களில் தொடங்கி, 2014-இல்தான் உற்பத்தியை நிறுத்தினார்கள். ஊரில் அம்பாசிடர் வைத்திருந்தவர்களெல்லாம் டீசலுக்கு மாறியபோது அப்பா மட்டும் மாறவில்லை. "டீசல் சத்தத்துக்குக் காய்கூட வாடிரும்டே" என்பார். டீசல் எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. அப்பா மாறியிருந்தால் இன்றைக்கு இந்த உரையும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. 2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று விதி போட்டது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டுமாம். அந்தக் கணக்குப்படி எங்கள் வண்டி விண்டேஜ் இல்லை; சும்மா பழைய வண்டி. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்காக இரண்டு நிமிஷம். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொன்றிலும் சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். அம்பாசிடரில் அந்த வரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு தண்டு, எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் தான் ஒரு சுற்று சுற்றும். தண்டின் மேல் நாலு முனை உள்ள கேம். அது பக்கத்திலிருக்கும் சி.பி. பாயிண்டைத் தள்ளித் தள்ளித் திறக்கும். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். திறந்த கணத்தில் கரண்ட் அறுந்து, காயிலின் அடுத்த சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பும். அதை ரோட்டர் வாங்கி, கேப் வழியாக உரிய பிளக்குக்குப் பிரித்துக் கொடுக்கும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி உருவாக்கிய முறை இது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. அந்தத் திறப்பின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, அதாவது 0.38 மில்லிமீட்டர். அது குறைந்தால் பொறி தாமதமாக விழும், கூடினால் முந்தி விழும். முந்தினால் எஞ்சின் நாக்கிங் அடிக்கும். பிந்தினால் வண்டியில் இழுவை இருக்காது, பெட்ரோல் குடிக்கும், சூடாகும்.

எங்கள் வண்டிக்கு ஒரு மெக்கானிக் அண்ணாச்சி உண்டு. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஃபீலர் கேஜ் அவரிடம் ஒன்று இருந்தது, ஆனால் எடுத்து நான் பார்த்ததில்லை. தீப்பெட்டி அட்டையைக் கிழித்துப் பாயிண்டுக்கு நடுவில் வைப்பார். பிளக் இடைவெளிக்கு ஆக்ஸா பிளேடு. கல்லூரியில் சேர்ந்த புதிதில் இதெல்லாம் எனக்குப் பெரிய சிரிப்பு. ஒருநாள் ஒர்க்ஷாப்பிலிருந்து மைக்ரோமீட்டரை வாங்கிப் போய் அளந்தேன். அண்ணாச்சி வைத்திருந்த தீப்பெட்டி அட்டை, பதினைந்துக்கு ஒன்று முன்னே பின்னே. ஆக்ஸா பிளேடு 0.025 அங்குலம், அந்த எஞ்சினின் பிளக் இடைவெளியும் அதேதான். அளந்த விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். இந்த வண்டிக்கு மட்டும் ஜலதோஷம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் சாரல் ரேடியேட்டர் சந்து வழியே நுழைந்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் போய் உட்காரும். ஈரத்தின் மேல் உயர் வோல்ட் கசிந்தால் கேப்புக்குள் தலைமயிர் மாதிரி கறுப்புக் கோடு விழுந்துவிடும். ஒருமுறை கோடு விழுந்தால் துடைத்துப் பயனில்லை. பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பாடிக்கு இறங்கிவிடும். ஐந்தருவிக்குப் போகிற வழியில் குடும்பத்தோடு இறங்கித் தள்ளிய நாட்கள் உண்டு. அண்ணாச்சி பழைய டயர் டியூபை வெட்டி அதற்கு ஒரு குல்லா தைத்துப் போட்டார். அதற்குப் பிறகு தள்ளுவது குறைந்தது, நிற்கவில்லை.

வேலைக்குப் போய் நாலு காசு பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. பாயிண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாம். கேமின் மேல் காந்தம் பதித்த வளையம் ஒன்று, பக்கத்தில் ஹால் சென்சார் ஒன்று. எட்வின் ஹால் 1879-இல் கண்டுபிடித்த விளைவு. நம் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் அரைப் பக்கம் வரும். உரசும் பாகம் கிடையாது, தேய்மானம் கிடையாது, மாதா மாதம் இடைவெளி பார்க்கும் வேலை கிடையாது. ஒரு மாட்யூலும், 'அதிக சக்தி' என்று போட்டிருந்த காயில் ஒன்றும் வரவழைத்தேன். 2017 சித்திரையில் லீவில் வந்து அரை நாளில் மாட்டிவிட்டேன். சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட். அப்பா முகத்தில் சந்தோஷம். கழற்றிய பாயிண்ட், கண்டன்சர், அடித்தட்டு எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டம் வாங்கியவன் எதற்குக் கேட்க வேண்டும்?

அந்த வருஷம் ஆடி மாதம். தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இரவு ஒன்றரை மணிக்கு வலி. பார்த்த டாக்டர் அம்மா, குழந்தையின் துடிப்பு சரியாக இல்லை, உடனே திருநெல்வேலி கொண்டுபோங்கள் என்றார். வேறு வண்டி சொல்லலாமா என்று அம்மா கேட்டாள். "நம்ம வண்டி நிக்கும்போது எதுக்கு?" என்று சொன்னது நான்தான். சாவியை ஆனில் போட்டேன். ஸ்டார்ட் பண்ணுமுன் அம்மா, "ஸ்கேன் ரிப்போர்ட்டு வீட்டுல இருக்குல்லா" என்றாள். எடுக்க ஓடினேன். பீரோ சாவி தேடி, ரிப்போர்ட்டைத் தேடி, ஏழெட்டு நிமிஷம். கார் சாவி அதுவரை ஆனிலேயே இருந்தது.

ஆலங்குளம் தாண்டி எஞ்சின் இருமியது. ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துக் காற்றாலைகளை உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அடித்த காற்றில் அந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தவை அவை மட்டும்தான். பானெட்டைத் திறந்தேன். காயிலைத் தொட்டால் கை சுட்டது. அப்பா டார்ச் அடித்தார். கேப்பைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பாயிண்டு எங்கலே?"

"இதுல பாயிண்ட் கிடையாதுப்பா."

"பழசு எங்கலே?"

"எடைக்குப் போட்டுட்டேன்."

அப்பா மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு ரோட்டின் நடுவில் போய் நின்றார். பின்சீட்டில் தங்கச்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. மணியைப் பார்க்கத் தைரியமில்லை. கடைசியில், நெல்லைக்குப் பல்லாரி ஏற்றிப்போன லோடு வண்டி ஒன்று நின்றது. டிரைவருக்கு அப்பாவைச் சந்தையில் தெரியும். "அண்ணாச்சி, என்ன இங்கன நிக்கியோ?" என்று இறங்கியவர், பின்சீட்டைப் பார்த்ததும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. முன்சீட்டில் அம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டார். அப்பா மூட்டை மேல் ஏறிக்கொண்டார். நான் காருக்குக் காவல்.

விடியக்காலம் ஆண் குழந்தை. சுகப்பிரசவம் இல்லை, ஆபரேஷன். ஆனால் இரண்டு உயிரும் சுகம். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்று டாக்டர் சொன்னாராம். எந்த நேரத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

நடந்த தவறு என்ன? கணக்கு ரொம்ப எளிது. பழைய காயிலின் முதல் சுருளுக்கு 3 ஓம் தடை. 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். நான் வாங்கிய காயில் 1.5 ஓம், தனியே ஒரு ரெசிஸ்டரோடு சேர்த்துப் போடவேண்டிய ரகம். நான் நேரே மாட்டிவிட்டேன். 8 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது கரண்ட் விட்டுவிட்டுத்தான் போகும், சமாளித்துக்கொண்டது. சாவி ஆனில் இருந்து எஞ்சின் நின்றிருந்தால், மாட்யூல் மூடிய நிலையில் நிற்க நேர்ந்தால், 8 ஆம்பியரும் விடாமல் பாயும். எங்கள் வீட்டு வாசலிலேயே மாட்யூல் பாதி வெந்துவிட்டது. மீதி வழியில் வெந்தது. ஓம் விதி எந்த வகுப்பில் படித்தோம்? ஒன்பதாவதோ பத்தாவதோ. அதற்கு பி.இ. தேவையில்லை.

காலை ஆறு மணிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் அண்ணாச்சி வந்தார், மடியில் ஒரு பழைய அடித்தட்டும் கண்டன்சரும். காயிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பத்து நிமிஷத்தில் மாட்டினார். இடைவெளி வைக்கும்போதுதான் கவனித்தேன்: அவர் பார்க்கவில்லை, விரலால் தடவித்தான் அட்டையை நுழைக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "அது கிடக்கு, செல்ஃபை அடி" என்றார். வண்டி ஸ்டார்ட் ஆனது.

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, ரோட்டரை எடுத்து, தண்டின் தலையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். டக் டக் என்று ஆடியது. "நீ வாங்கினது நல்ல சாமான்தாம்டே. குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஆட்டத்தை மாத்தலையே? இத வச்சிக்கிட்டு எதப் போட்டாலும் ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்து டயல் கேஜ் வைத்து அளந்தேன். ஆட்டம் 0.2 மில்லிமீட்டர். பாயிண்டின் இடைவெளியே 0.38 என்று முன்பே சொன்னேன். தண்டு தாங்கியிருக்கும் புஷ் தேய்ந்து, ஒவ்வொரு முனைக்கும் ஒவ்வோர் இடைவெளி. ஒரு சிலிண்டருக்கு முந்தி, ஒன்றுக்குப் பிந்தி. இத்தனை வருஷமாகப் பாயிண்டின் மேல் நான் போட்ட பழி முக்கால்வாசி புஷ்ஷுக்குச் சேர வேண்டியது.

அதற்கப்புறம்தான் நான் உண்மையில் அந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தேன். லூகாஸ் 25டி வகை. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையால் நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு வீட்டுப் பெயர்போலப் பழகிப்போன பெயர். உள்ளே, வேகம் கூடக் கூடப் பொறியை முந்த வைக்க இரண்டு எடைக் குண்டுகள், இரண்டு ஸ்பிரிங். ஒரு ஸ்பிரிங் இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தது. தளர்ந்ததை முன்பொருமுறை நான் வளைத்து இறுக்கியிருக்கிறேன், நல்லது செய்வதாக நினைத்து. அது தளர்ந்தே இருக்க வேண்டிய ஸ்பிரிங்! முதலில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் இழுக்கும். வேகம் கூடிய பிறகுதான் தடித்தது சேர்ந்துகொள்ளும். அதற்காகவே அதன் கொக்கியை நீளமாக வைத்திருக்கிறார்கள். அடித்தட்டிலிருந்து பாடிக்குப் போகும் துணி உறை போட்ட சின்ன எர்த் ஒயர், வெளியே முழுசாகவும் உள்ளே அறுந்தும் இருந்தது. இப்படி உள்ளே அறுந்த ஒயர் எத்தனை பேருக்குப் புதுக் காயில் வாங்கவைத்திருக்கிறதோ!

புஷ் கிடைக்கவில்லை. அப்போதுதான் இந்தக் கல்லூரி ஞாபகம் வந்தது. இரண்டாம் ஆண்டு ஒர்க்ஷாப்பில் நமக்கெல்லாம் ஒரு 'புஷ் கடைசல்' உண்டு. பத்து மார்க்கு. எதற்கு இந்த வெட்டி வேலை என்று அன்றைக்கு முணுமுணுத்தவர்களில் நான் முதல் ஆள். முதல்வரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, அதே லேத்தில், பாஸ்பர் பிரான்ஸ் கம்பியில் புஷ் கடைந்தேன். மூன்று வீணாயின, நாலாவது தேறியது. என் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்திலேயே நின்றார். ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. "அன்னைக்கு ஒழுங்கா செஞ்சிருந்தா இன்னைக்கு ஒண்ணுலயே வந்திருக்கும்" என்றார். ரீமர் போட்டு முடித்தபோது தண்டு விரலில் சுற்றியது, ஆடவில்லை. இதைச் செய்யப்போகிற தம்பிகளுக்கு ஒரு குறிப்பு: தண்டின் அடியிலுள்ள இணைப்புப் பல் நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும். ஊசியைத் தட்டிக் கழற்றுமுன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டினால் டைமிங் நேர் எதிர்ப்பக்கம் போய்விடும். வண்டி வெடிச்சத்தம் மட்டும் போடும்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. புது புஷ், சரியான ஸ்பிரிங், புது கேப், புது பிளக் ஒயர். ஆனால் பாயிண்ட் பழையபடி பாயிண்ட்தான். ஆறு மாதம் அப்படியே ஓட்டி, பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் அப்பா சந்தைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். லிட்டருக்கு ஒன்பதரை கிலோமீட்டர் கொடுத்தது பத்தே முக்கால் ஆனது. புளியரை மலைப்பாதையில் நாக்கிங் நின்றது. முன்பெல்லாம் ஏற்றத்துக்கு முன் வண்டியை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஏ, ஆர் என்று குறிபோட்ட சின்னத் திருகை அண்ணாச்சி ஆர் பக்கம் கொஞ்சம் திருப்புவார். அதற்கு வேலையில்லாமல் போனது. ஆறு மாதம் கழித்துப் புது மாட்யூல் போட்டேன், 3 ஓம் காயிலோடு. கணக்கு பத்தே முக்காலிலிருந்து பதினொன்று. அவ்வளவுதான். பெரிய மாற்றம் நாற்பது ரூபாய் வெண்கலத்தில் வந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய எலக்ட்ரானிக்ஸில் கால் கிலோமீட்டர்.

அப்படியானால் எதற்கு மாட்யூல் என்று அப்பாவே கேட்டார். அண்ணாச்சிதான் பதில் சொன்னார். "எங்கண்ணு போயிட்டுல்லா. நாளைக்கு யாரு வந்து ஒங்களுக்கு அட்டை வைப்பா? இப்ப வார பாயிண்டும் சரியில்ல, ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமுன்ன கட்டை தேஞ்சிருது." அது உண்மை. கேமைத் தொடும் அந்தக் கட்டை தேய்ந்தால் இடைவெளி தானாகக் குறுகும், டைமிங் பிந்தும். எடுத்து வைக்கக் கண்ணும் கையும் உள்ள ஆள் இருக்கும்வரை அது பிரச்சினையே இல்லை. ஆள் இல்லாதபோதுதான் எலக்ட்ரானிக்ஸ் தேவைப்படுகிறது. விற்பவர்கள் சொல்லும் 'அதிக சக்தி'யை நான் நம்பவில்லை. அண்ணாச்சி சொன்ன காரணத்தை நம்பிப் போட்டேன். அவருக்கு அடுத்த வருஷம் புரை ஆபரேஷன் நடந்தது. செய்து முடித்ததும் முதல் வேலையாக வந்து என் ஒயரிங்கைப் பார்த்து, ஒரு முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்துக் கட்டினார்.

உங்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மாட்யூல் வாங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பணத்தை முதலில் லேத்தில் செலவழியுங்கள்.

எங்கள் வண்டி டிக்கியில் இப்போது ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பாயிண்ட் மாட்டி, இடைவெளி வைத்து, கண்டன்சரும் எர்த் ஒயரும் பூட்டிய முழு அடித்தட்டு ஒன்று, ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு தீப்பெட்டி. மாட்யூல் எங்கே நின்றாலும் பத்து நிமிஷத்தில் மாற்றலாம். வருஷத்துக்கொரு முறை அதை மாட்டி ஓட்டிப் பார்ப்பேன். அன்றைய குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். டார்ச் பிடிப்பது அவன் வேலை. போன தடவை அட்டையை அவனே நுழைத்தான். கொஞ்சம் இறுக்கமாக வைத்துவிட்டான், சொல்லிக் கொடுத்தேன்.

வண்டி வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. அண்ணாச்சியும் வந்திருக்கிறார், உள்ளே கூப்பிட்டேன், 'எனக்கெதுக்கு மேடை' என்று வண்டியில் சாய்ந்து நிற்கிறார். சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்க்க விருப்பமுள்ள மாணவர்கள் வாருங்கள், கையில் கிரீஸ் படும்.